தாத்தா, மாடு எங்கே?

போன வருடம் சென்னைக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பண்ணையைக் காட்டினாள். பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கிற பண்ணையாம். ஊரைத் தாண்டி ஒரு மணி நேரப் பயணம். வாசலில் சீட்டு. தலைக்கு எண்ணூறு ரூபாய், மோர் மட்டும் இலவசம்.

குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் வைத்திருந்தார்கள். கூரை வேய்ந்த வீடு, திண்ணை, கயிற்றுக் கட்டில், ஒரு ஜோடி காளை பூட்டிய வண்டி, நாட்டுப் பசு, முயல், வாத்து, இரண்டு ஈமு. (ஈமுவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2012-இல் ஈமு வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் கொங்குப் பக்கம் எத்தனையோ பேர். அந்தப் பறவை இப்போது பிள்ளைகளுக்கு விவசாயப் பாடம் நடத்துகிறது.) ஒரு சின்னச் சேற்று வயலில் பிள்ளைகளை இறக்கி நாற்று நடச் சொன்னார்கள். என் பேரப் பிள்ளைகளும் முழங்கால் வரைக்கும் சேறோடு நட்டார்கள், படம் எடுத்தோம். கை கால் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு அம்மா குனிந்து அந்த நாற்றையெல்லாம் பிடுங்கி, முடிச்சுப் போட்டு, அடுத்த கும்பலுக்குத் தயாராக வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே நாற்று ஒரு நாளில் ஐந்து தடவை நடப்படுகிறது. சம்பா, குறுவை, நவரை எல்லாம் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும் போல.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவிதான் ஆரம்பித்தாள். "ஏங்க, இதுக்கா எண்ணூறு ரூபா? நம்ம கொல்லியில காசில்லாம காட்டலாமே."

கொல்லி என்றால் எங்கள் பக்கம் நிலம். அவள் சொன்னது வாய்ச்சொல்தான். ஆனால் பின்சீட்டில் இரண்டு ஜோடிக் காதுகள் இருந்தன. பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. (பெயர் போடக் கூடாது என்று மகள் உத்தரவு. அதனால் இந்தப் பதிவு முழுக்கப் பெரியவள், சின்னவன்தான்.) அரையாண்டுத் தேர்வு லீவுக்கு எங்கள் ஊரான ரிஷிவந்தியத்துக்கு வருவதாக அங்கேயே முடிவாகிவிட்டது.

டிசம்பர் கடைசியில் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்கே தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சின்னவன் திண்ணையில் தயார். பனி இன்னும் விலகவில்லை. நடந்தே போனோம். எங்கள் நிலம் மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் மரவள்ளி, மீதியில் மக்காச்சோளம். ஒரு கிணறு, ஒரு போர், ஒரு மோட்டார் கொட்டாய், நான்கு தென்னை. கொட்டாய் வாசலில் நின்று சின்னவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"தாத்தா, மாடு எங்கே?"

"மாடு இல்லடா."

"ஆடு?"

"பக்கத்துக் கொல்லியில இருக்கு."

"கோழி, வாத்து, வண்டி?"

ஒவ்வொன்றாக விரலை மடக்கி எண்ணினான். ஒரு கை முழுக்க மடங்கியது. பிறகு அக்காளைப் பார்த்து, ரகசியம் பேசுகிறவன் மாதிரி, ஆனால் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னான்: "இது பண்ணை இல்ல."

முப்பத்து மூன்று வருடம் வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக இருந்தவன் நான். இந்த வட்டாரத்தில் என் கால் படாத வரப்பு கிடையாது. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் கலெக்டர் கேட்ட கேள்விக்கே தடங்கல் இல்லாமல் பதில் சொன்னவன். இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏனென்றால் அவன் சொன்னது சரி. அந்தச் சென்னைப் பண்ணையில் பார்த்தது என் அப்பாவின் கொல்லி. இரண்டு உழவு மாடு, மூன்று கறவை, வெள்ளாடு ஏழெட்டு, குப்பைமேடு நிறையக் கோழி. கிணற்றில் கவலை இறைப்பார். காளைகள் பின்னுக்கும் முன்னுக்குமாக நடக்க, சால் ஏறி இறங்கும் சத்தம் விடியற்காலையில் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். கம்பு, கேழ்வரகு, வரகு, மல்லாட்டை, உளுந்து, நடுவில் ஊடுபயிராகத் துவரை, வரப்பு ஓரத்தில் ஆமணக்கு. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மணிலாக் கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆனது.

அதையெல்லாம் மாற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒட்டுரக மக்காச்சோளம் போடுங்கள், நாமக்கல் கோழிப் பண்ணைக்கு எவ்வளவு விளைந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். பவர் டில்லருக்கு மானிய விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். தப்பான யோசனை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வரகு விதைத்துப் பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. மக்காச்சோளமும் கரும்பும் மரவள்ளியும் போட்டவர்கள் சேர்த்தார்கள், நானும்தான். சின்னவனின் அம்மா இன்ஜினியர் ஆனது இந்த மூன்றரை ஏக்கரும் என் சம்பளமும் சேர்ந்துதான். எங்கள் கடைசி ஜோடி உழவு மாட்டை 1998-இல் விற்றோம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. கறவை மாடு, அம்மா இருந்த வரைக்கும் இருந்தது.

இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "வா, இருக்கிறதைக் காட்டுறேன்" என்றேன்.

முதலில் கரும்பு. எங்கள் கொல்லிக்கு இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை. பக்கத்துக் கொல்லியில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக் கரும்பெல்லாம் மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலைக்குப் போகும். கச்சிராயபாளையத்தில் இன்னொரு ஆலை இருக்கிறது. சின்னவனுக்கு முதல் ஏமாற்றம், கரும்பின் நிறம். "பொங்கல் கரும்பு கருப்பா இருக்குமே, இது ஏன் பச்சையா இருக்கு?" அது கடித்துத் தின்னும் கரும்பு, இது ஆலைக் கரும்பு, இதன் பெயர் கோ 86032 என்றேன். "கரும்புக்கு நம்பரா?" என்று பெரியவள் நின்றாள். அவளுக்கு எண் என்றால் பிடிக்கும்.

கோ என்றால் கோயம்புத்தூர். 1912-இல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதுவரைக்கும் இந்தியாவின் வடக்கே இருந்த கரும்பு ஒல்லிக் குச்சியாக, சாறு குறைந்து கிடந்தது. பார்பர் என்ற வெள்ளைக்காரரும் வெங்கட்ராமன் என்பவரும் சேர்ந்து தடித்த கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்து உண்டாக்கிய முதல் ரகம் கோ 205. ஆற்றோரம் வெள்ளைக் கொண்டையோடு ஆடிக்கொண்டிருக்கிறதே, அந்த நாணல்தான். வறட்சியையும் நோயையும் தாங்கும் சக்தி நாணலிடமிருந்து வந்தது, இனிப்பு மற்றதிடமிருந்து. "அப்ப நாணல்தான் கரும்போட தாத்தாவா?" என்றாள் பெரியவள். ஒரு பக்கத்துத் தாத்தா என்று வைத்துக்கொள் என்றேன். சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு நாணலை ஒடித்து மென்று பார்த்துவிட்டுத் துப்பினாள். "இனிக்கவே இல்ல."

வெட்டு ஆட்களில் சில குடும்பங்கள் கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்தார்கள். பள்ளி லீவு என்பதால் பிள்ளைகளும் கூடவே. அதில் ஒரு பெண், பெரியவள் வயதுதான் இருக்கும், வெட்டிப் போட்ட கரும்பின் கொழுந்தாடையைத் தனியாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுத் தீவனத்துக்குக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க. என் பேரப் பிள்ளைகள் அவளைப் பார்க்க, அவள் இவர்களைப் பார்க்க, கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே ஒரு கரும்பை எடுத்து, கணுவை ஒதுக்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து நீட்டினாள். சின்னவனுக்குக் கடிக்கத் தெரியவில்லை. பல்லை எங்கே வைப்பது, தோலை எந்தப் பக்கம் இழுப்பது என்று செய்து காட்டினாள். கரும்புச் சோகை கையைக் கிழிக்கும், இப்படிப் பிடி என்று பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சி முகாமில் இத்தனை வருடத்தில் என்னை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

போகும்போது அந்தப் பெண் கேட்டாள். "உங்க ஊர்ல என்னா பயிரு வைப்பாங்க?"

பெரியவள் கொஞ்சம் யோசித்து, "அப்பார்ட்மென்ட்" என்றாள். வெட்டு ஆட்கள் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

மரவள்ளிக் கொல்லியில்தான் அன்றைக்குப் பெரிய கூத்து. ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன். மழைக்குப் பிறகு மண் இளகியிருந்ததால் நானே குச்சியைப் பிடித்து அசைத்து இழுத்துவிட்டேன் (மறுநாள் இடுப்பு அதற்குக் கணக்குக் கேட்டது). மண்ணோடு ஏழு கிழங்கு, கை விரல் விரித்த மாதிரி. இரண்டு பிள்ளைகளும் கத்திய கத்தலில் மோட்டார் கொட்டாய் மேலிருந்த மயில் பறந்தது. ஆமாம், மாடு போன இடத்துக்கு மயிலும் காட்டுப்பன்றியும் வந்துவிட்டன. பன்றிக்கு மரவள்ளியின் ருசி எனக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும்.

நான் கிழங்கைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனேன். திரும்பினால் சின்னவனைக் காணோம். பக்கத்துக் கொல்லி அக்காவின் வெள்ளாடு ஒன்று கட்டியிருந்த இடத்தில் நிற்கிறான், கையில் ஒரு கொத்து மரவள்ளி இலை. சென்னைப் பண்ணையில் ஆட்டுக்கும் முயலுக்கும் கீரை ஊட்ட ஒரு கிண்ணம் முப்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள், அந்தப் பழக்கம். ஆடு கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் கத்திய கத்தலில் பையன் இலையைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

மரவள்ளியின் பச்சை இலையும் கிழங்கின் தோலும் விஷம். மென்றதும் உள்ளே சயனைடு உண்டாகிறது. ஆடு வயிறு நிறையத் தின்றுவிட்டால் மருத்துவரை அழைத்து வருவதற்குள் முடிந்துவிடும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. இளஞ்சோளப் பயிரும் அப்படித்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா முதலில் ஆட்டைப் பார்த்தார், அப்புறம் பையனைப் பார்த்தார். "அழாத சாமி, இன்னும் தின்னல. ஆபீசரு பேரனுக்கு இது தெரியலியா?" என்று அவனைத் தூக்கிக்கொண்டார். அந்தக் கேள்வி பேரனுக்கு இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

"அப்ப நாம எப்படிச் சாப்பிடுறோம்?" என்றாள் பெரியவள். தோலை உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும். சேகோ ஃபேக்டரியில் அரைத்து மாவைத் தொட்டியில் தெளியவைக்கும்போதே பெரும்பாலும் கழுவிப் போய்விடும். நீ சாப்பிடும் ஜவ்வரிசிப் பாயசம் இதுதான் என்றதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பாயசத்தைத் தெரியும், ஜவ்வரிசியைத் தெரியும். அது மண்ணுக்குள் இருந்து வருகிறது என்பதை யாரும் சொன்னதில்லை.

ஜவ்வரிசி ஒரு காலத்தில் மலேயா, ஜாவா பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. அங்கே ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதே மாதிரி உருண்டை செய்து பார்த்தார்கள். அந்தத் தொழில்தான் ஆத்தூர், சின்னசேலம் வழியாக எங்கள் பக்கம் வரைக்கும் பரவியது. போர் நடந்த நாட்டைப் பார்த்திராத எங்கள் ஊர் விவசாயிக்கு அந்தப் போர் ஒரு பயிரைக் கொடுத்தது.

இனி வருவது நான் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. அன்றைக்கு எடுபட்ட ஒரே கதை இதுதான்.

சில வருடங்களுக்கு முன் மரவள்ளியின் கொழுந்தெல்லாம் சுருண்டு கொத்துக் கொத்தாக நின்றுவிட்டது. தொட்டால் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டும். மாவுப்பூச்சி. 2020-இல் கேரளத்தில் முதலில் பார்த்தார்கள், பிறகு சேலம், நாமக்கல், எங்கள் பக்கம். மருந்து அடித்தாலும் மெழுகுப் போர்வைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சாகாது. இதே பூச்சி 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், மரவள்ளியையே நம்பியிருந்த கோடிக்கணக்கான பேரின் சோற்றில் கைவைத்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் நைஜீரியாவில் இருந்துகொண்டு, இந்தப் பூச்சியின் பிறந்த ஊரில் இதற்கு ஓர் எதிரி இருந்தே ஆக வேண்டும் என்று தேடச் சொன்னார். பராகுவேயில் அகப்பட்டது ஒரு குளவி. கடுகளவுதான் இருக்கும், மனிதனைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டை பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அந்தக் குளவியைப் பெருக்கி நாடு நாடாக விட்டார்கள். மரவள்ளி பிழைத்தது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு.

அதே குளவியைத்தான் 2021-இல் பெங்களூரில் உள்ள பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விவசாயிகளின் கொல்லிகளில் விட ஆரம்பித்தார்கள்.

"இங்க இருக்கா அது? இப்போ?" சின்னவனின் அழுகை எப்போதோ நின்றிருந்தது. இருக்கலாம், தேடிப் பார் என்றேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் இலை இலையாகத் திருப்பினார்கள். கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கண்ணில் பட்ட பறக்கிற எல்லாமே அவனுக்குப் பராகுவே குளவிதான். மாட்டை மறந்துவிட்டான்.

மக்காச்சோளத்தில் நின்றபோது பெரியவள் ஒரு கணக்குப் போட்டாள். மரவள்ளி எந்த ஊர்? தென் அமெரிக்கா. மக்காச்சோளம்? மெக்சிகோ. மல்லாட்டை? அதுவும் தென் அமெரிக்கா. மக்காச்சோளத்தின் குருத்தைத் தின்கிற படைப்புழுவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததுதான். 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-இல் கர்நாடகம் வழியாக இங்கே வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அது. "நீங்க போடச் சொன்ன சோளத்துல புழு வந்துடுச்சு" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்த ஆட்களை இன்றும் ஞாபகம் இருக்கிறது. "அப்போ நம்ம ஊர்ச் செடி எது தாத்தா?" என்றாள். வரப்பு ஓரம் தானாக முளைத்து நின்ற ஒரு உளுந்துச் செடியைக் காட்டினேன். நான் விதைத்தது இல்லை, எப்போதோ சிந்திய விதை. காயை உடைத்து எண்ணி ஆறு பருப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இப்படிப் பிள்ளைகளை நிலத்தோடு பழக்குகிற இடங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூரில் உருவாக்கிய வானகம் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. அங்கே பண்ணைக்கு நடுவில்தான் பள்ளிக்கூடமே. லண்டன் மாதிரி நகரத்துக்குள்ளேயே ஆட்டையும் மாட்டையும் வைத்துப் பிள்ளைகளை வரவழைக்கிறார்கள், கென்டிஷ் டவுனில் 1972-இலிருந்து. ஆனால் ஒரு நாள் விருந்தாளியாகப் போகிற பிள்ளைக்கு எந்தக் காலத்துப் பண்ணையைக் காட்டுவது என்பதுதான் எனக்கு அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த யோசனை. வண்டி மாடும் கவலையும் அழகு, படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற முட்டைக்குப் பின்னால் இருப்பது என் மக்காச்சோளம். காபிக்குப் பின்னால் இருப்பது கோ 86032.

இரண்டாம் நாள் மலைக்குப் போனோம். மாட்டைக் காட்ட முடியாத குற்ற உணர்ச்சி ஒரு காரணம். ஒரு பெரிய பண்ணையைக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பு இன்னொரு காரணம். தியாகதுருகம் பாறைக்கோட்டையைத் தாண்டி, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் அடிவாரம். அங்கிருந்து வளைந்து ஏறி வெள்ளிமலை. கண்ணாடியை இறக்கியதும் சில்லென்று காற்று. சாமை அறுத்த தாள் ஆங்காங்கே நின்றது. 1976 வரைக்கும் இந்த மலையில் ஜாகிர்தார்கள் ஆட்சி நடந்தது, நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருடம் கழித்துத்தான் இந்த மலைக்கு வந்தது என்று ஓட்டுநர் தம்பி சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தாத்தா ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தவராம். பெரியவள் கேள்வி கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் வளைவில் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். சரித்திரம் அத்தோடு நின்றது.

வெள்ளிமலையைக் கடந்து சேலம் மாவட்டத்து எல்லைக்குள் போனால் கருமந்துறை. அங்கே அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கும். வேலையில் இருந்த காலத்தில் விவசாயிகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பேரப் பிள்ளைகளோடு வருவது இதுதான் முதல் தடவை. நுழைவாயிலில் கயிற்றுக் கட்டில் கிடையாது, ஈமு கிடையாது. வரிசை வரிசையாக மாமரம், கொய்யா, சப்போட்டா, நெல்லி. மா இன்னும் பூவுக்கு வரவில்லை. "பழம் இல்லாத பழப் பண்ணை" என்றான் சின்னவன். என் வீம்பு அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

மீதியைக் காப்பாற்றியது நாற்றங்கால். நிழல்வலைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் பாலித்தீன் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மாங்கன்று, ஒவ்வொன்றின் நடுத்தண்டிலும் ஒரு கட்டு. "எல்லாத்துக்கும் அடிபட்டுடுச்சா?" என்றான். வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கொட்டையிலிருந்து முளைத்த ஒரு கன்றை எடுத்தார். தலையை வெட்டினார். தண்டை நடுவில் பிளந்தார். நல்ல மரத்திலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, பிளவுக்குள் செருகி, பாலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இது ஒட்டுக்கட்டுகிற பருவம் இல்லை, பிடிக்காது, சும்மா காட்டுறேன் என்றார். அந்தக் கையையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை இதை மைக் பிடித்து விளக்கியிருக்கிறேன். என் கையால் கட்டிய ஒட்டு பத்துக்கு நாலு பிடித்தால் அதிகம்.

"கீழ இருக்கிறது ஒரு மரம், மேல இருக்கிறது வேற மரமா?" சின்னவனுக்கு அது பராகுவே குளவிக்கு அடுத்த அதிசயம். ஆமாம். வேர் கொட்டைக் கன்றுடையது, பழம் மேலே வைத்த குச்சியுடையது. கட்டுக்குக் கீழே துளிர் விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அது முந்திக்கொண்டு வளரும், பழம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அம்மா இதை அவனிடம் இரண்டு தடவை சொன்னார். அவன் தலையாட்டி, திருப்பிச் சொல்லிக்காட்டினான்.

ஒரு கன்று வாங்கினோம். என் மனைவிக்கு மல்கோவா வேண்டும். பெரியவள் எது சீக்கிரம் காய்க்கும் என்று விசாரித்தாள். சின்னவன் கிளிமூக்கு என்ற பெயரைக் கேட்ட பிறகு வேறு எதையும் காதில் வாங்கவில்லை. கிளிமூக்குதான் வாங்கினோம். திரும்பும் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தான், வாந்தியும் வரவில்லை. வெள்ளிமலையில் ஒரு பாட்டில் மலைத்தேனும் வாங்கினோம். பாதி எங்கள் ஊர்க் கோயிலுக்கு. ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரருக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது லிங்கத்தில் அம்மையும் அப்பனும் சேர்ந்த உருவம் தெரியும் என்பது ஐதீகம். மறுநாள் காலை கூட்டிக்கொண்டு போனேன். தேன் வழிய வழியச் சின்னவன் எம்பி எம்பிப் பார்த்தான். வெளியே வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"தாத்தா, சாமியும் ஒட்டுக் கட்டினதா?"

குருக்கள் காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மோட்டார் கொட்டாய்ப் பக்கம் குழி எடுத்துக் கன்றை வைத்தோம். சுற்றி முள் வைத்தோம். மூன்று வருடத்தில் காய்க்கும், முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்று சொன்னேன். தான் அப்போது மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்று சின்னவன் விரலில் எண்ணிப் பார்த்தான். சென்னைக்குப் போன நாளிலிருந்து ராத்திரி ஒரு போன். ஆயாவிடம் பேசுவது பத்து நொடி, பிறகு என்னிடம்: "தாத்தா, துளிர் விட்டுச்சா?"

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை கொல்லிக்குப் போனேன். முள் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கன்றின் தலை இல்லை. கட்டுக்கு ஒரு விரல்கடை மேலே கடித்த தடம், சுத்தமாக. கொஞ்சம் தள்ளி, அக்காவின் அந்த வெள்ளாடு, பையன் அழுது காப்பாற்றிய அதே ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன். "மரவள்ளிதான் விஷம், மாங்கொழுந்துமா திங்கக் கூடாது?" என்றார்.

பத்து நாளாகியும் கட்டுக்கு மேலே இருந்த துண்டுக் குச்சி காய்ந்துகொண்டே போகிறது. நேற்று பார்த்தால் கட்டுக்குக் கீழே, செம்புநிறத்தில், மூன்று இலை. கிள்ளாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

ராத்திரி போன் வந்தது.

"தாத்தா, துளிர் விட்டுச்சா?"

"விட்டிருக்குடா."

"எத்தனை இலை?"

"மூணு."

அந்தப் பக்கம் ஒரே சத்தம். அக்காளைக் கூப்பிடுகிறான், அம்மாவைக் கூப்பிடுகிறான். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன சொன்னீர்கள் என்று கண்ணாலேயே கேட்டாள். நான் டிவியைப் பார்த்தேன். போனில் சத்தம் அடங்கியது. பிறகு அவன் குரல், கொஞ்சம் மெதுவாக.

"தாத்தா… கட்டுக்கு மேலயா, கீழயா?"